ஒரு நெல்லளவு உள்ளே

காரைக்கால்
9.2.1986

அன்புள்ள உனக்கு,

நீ போலகத்துக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினேழு நாளாகிறது. அத்தையும் மாமாவும் சுகம்தானே?

தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்துக்கு வேறு போகஸ் குழாய் போட வேண்டியிருந்தது. லேத் பட்டறை பிலோமின்ராஜிடம் பழையதைக் காட்டி, கீழே விழுந்து நசுங்கிவிட்டது என்றேன். உனக்கு அப்படி எழுத முடியாது. நான் வீசியதுதான். உன் காதை ஒட்டிப் போய் அது சுவரில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் குழாயைத் திருப்பிப் பார்த்து, "இதென்ன சார், ரெண்டு கோடு?" என்றார்.

ஒன்று, குழாயை அதுவரை தள்ளினால் என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடம். நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பாய் என்பதால், உன் கோடு ஒரு நெல்லளவு உள்ளே. நீயே ஊசியால் கீறியது.

"பல்சக்கரம் வச்சா நைசா திரும்பும் சார். ஆனா உயரமா நிக்கும், இந்த உள்கோடு வரைக்கும் எறங்காது. வெறும் குழாய்னா எறங்கும், கையாலதான் தள்ளிக்கணும். எத்தனை பேரு பாப்பீங்க?"

வால்நட்சத்திரம் ஏப்ரலில் நன்றாகத் தெரியுமாம் என்று ஏதோ உளறினேன். பிறகு வெறும் குழாயே செய்யச் சொன்னேன்.

வா என்று எழுத எனக்கு முகமில்லை.

நேற்று மாட்டினேன். என் கோட்டைப் போட்டேன். பழையதை அளந்து உன்னுடையதையும் கீறிவிடலாம் என்று ஊசியை வைத்தேன்; கீறாமலே எடுத்துவிட்டேன். அந்த இடத்தை உன் கண்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வீசிய அதே கையால்,
நான்