நீ ‘சார்’ என்று அழைத்த ஆள்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். உன் தொண்டைக் கட்டு சரியாகியிருக்கும், வெந்நீர் குடிக்கச் சொன்னதில் பாதியாவது குடித்திருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை, ஏணியில் ஏற வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து பரணில் இருக்கும் எதைக் கேட்டாலும் “டாக்டர் சொல்லியிருக்காரு” என்று நாற்காலியை விட்டு அசைவதில்லை. மாடி வீட்டார் ஒருவழியாகக் குழாயை மாற்றிவிட்டார்கள், சமையலறைச் சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. நான் கல்லூரி ஆய்வக வேலையை விட்டுவிட்டுப் பள்ளிகளுக்கு நுண்ணோக்கியில் பார்க்கும் தாவர ஸ்லைடுகள் செய்து கொடுக்க ஆரம்பித்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது, அப்பா இன்னும் யார் கேட்டாலும் “அவ உள்ள தண்டு நறுக்கிட்டு இருக்கா” என்றுதான் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு. போனில் நடக்கும் அந்தச் சிறுதொழில் குழுவை விட்டு வெளியேறப் போகிறேன் என்றாய். ஆளுக்கு ஆள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி, ஒரே கையால் போட்டுக் கழற்றும் உன் சட்டையைப் பற்றி நீ எழுதுவதை யாரும் படிப்பதே இல்லை, படித்துவிட்டு உருப்படியாகக் கேள்வி கேட்பவர் ஒரே ஒருவர், ஸ்லைடு போடும் ஒரு சார், ‘உன் தொழில்தாம்மா’ என்று வேறு சொன்னாய், அவரையே உனக்கு வாராந்திரக் கூட்டாளியாகப் போடச் சொல்லிக் குழு நடத்துபவரிடம் கேட்டிருக்கிறாய், அவர் ஒப்புக்கொண்டால் இருப்பாய், இல்லாவிட்டால் வெளியேறுவாய். நான் “அப்படியா” என்றேன். அந்த சார் நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன். நீ மருத்துவமனை அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சட்டை தைக்கப் போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை. ஆனால் முகம் தெரியாத அறுபது பேர் சேர்ந்து ஒருவரை ஒருவர் முன்னேற்றிவிடும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன் என்றாயே, அதை என்னால் நம்ப முடியவில்லை. ஆள் சேர்த்துப் பணம் பிடுங்கும் கூட்டம் எத்தனையைப் பார்த்திருக்கிறோம். உன்னிடம் கேட்டால் “எதை எடுத்தாலும் சந்தேகமாம்மா” என்பாய். எனக்கும் தொழில் இருக்கிறது, விண்ணப்பத்தில் பொய் எதுவும் எழுதவில்லை, பெயர் கேட்ட இடத்தில் மட்டும் ‘ஸ்லைடுப் பெட்டி’ என்று போட்டேன். இரண்டு வாரம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவதாக எண்ணம். ஏழு மாதம் ஆகிவிட்டது. யாரோ முதல் நாளே “வாங்க சார்” என்றார்கள், நான் திருத்தவில்லை, அடுத்த நாள் அங்கே பெட்டி செய்து விற்கும் ஒருவர் “அண்ணே” என்றார், அதையும் திருத்தவில்லை. மூன்றாவது வாரம் நீயும் சார் என்றாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அப்பா சொன்னார், “பெத்த பொண்ணுகிட்ட மாறுவேஷம் போட்டவ நீ ஒருத்தியாத்தான் இருப்ப, சீக்கிரம் கலைச்சிடு” என்று. நாளை நாளை என்று தள்ளிப் போட்டதுதான் என் தப்பு, அதற்கு விளக்கம் சொல்லப் போவதில்லை.

முதலில் நான் அங்கே வேவு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திங்கட்கிழமை எல்லோரும் ஒரே ஒரு வேலையை எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை முடிந்தது முடியவில்லை என்று காரணத்தோடு சொல்ல வேண்டும், தன்னுடையதை எழுதும் முன் வேறொருவருக்குப் பதில் எழுத வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூட விளையாட்டாகத் தெரிந்தது. அப்புறம் தொடர்கதை மாதிரி பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சூரியகாந்தித் தண்டின் சீவல்களைச் சிவப்புச் சாயத்தில் போட்டுவிட்டு, விசிட்டிங் கார்டு தேவையா இல்லையா என்று அங்கே நடந்த சண்டையைப் படித்துக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிடத்தில் எடுக்க வேண்டியவை, முக்கால் மணி நேரம் கிடந்தன. நாற்பது சீவலும் ஒரே சிவப்பு, எது குழாய் எது தோல் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ‘முடியவில்லை, காரணம் இந்தக் குழுவைப் படித்தது’ என்று எழுதினேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, பெட்டிக்காரர் மட்டும் “அண்ணே, அந்தச் சாயத்துல நாங்க எல்லாருமே ஊறிட்டுதான் இருக்கோம்” என்று எழுதினார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து வேலை முடிந்து கை கழுவும் வரை போன் அப்பாவிடம் இருக்கும், பிறகு இருபது நிமிடம், அதில் ஒரே ஒருவர் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை படிப்பேன், கேட்கத் தோன்றினால் கேட்பேன், தோன்றாவிட்டால் பேசாமல் இருப்பேன்.

உன்னிடம் கேட்டவற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படித்ததும் நீ முதலில் நினைக்கப் போவது அதுதான். உன்னைத் தேற்றுவதற்காக நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வலது தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் இடது கையால் சட்டையின் ஒட்டுப்பட்டையை, அந்த வெல்க்ரோவை, பிரிக்கும்போது துணி கூடவே வராதா என்று கேட்டேன், எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நீ அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டு, பட்டைக்குக் கீழே ஒரு பிடிப்பு தைத்துப் படம் போட்டாய். மகள் போட்ட படம் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நான் உன்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் குறை சொல்கிறேன் என்று எழுந்து போயிருப்பாய், நானும் கேட்டிருக்க மாட்டேன்.

இனி உனக்குப் பிடிக்காத பகுதி. யாரும் படிப்பதில்லை என்றாயே, போன இரண்டு நாளும் உட்கார்ந்து பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன், இந்தப் புத்தியை என்னால் மாற்றிக்கொள்ள முடியாது. கடைசி ஒன்பது வாரத்தில் நீ ஒன்பது முறை உன் வேலையை எழுதியிருக்கிறாய், எனக்குப் பதில் எழுதியதை விட்டுவிட்டால் மற்றவர்களுக்கு இரண்டே முறை, இரண்டும் ‘அருமை’. எழுதி வைத்துவிட்டு, யார் வந்தார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாய். அதில் ஐந்தாவது வாரம் பெட்டிக்காரர் தன் வேலைக்குக் கீழே எழுதியிருந்ததை நீ பார்க்கவே இல்லை. அப்படியே எடுத்து எழுதுகிறேன்: “சட்டைக்காரத் தங்கச்சி, நீங்க எழுதினதப் படிச்சுட்டு எங்க அப்பாவுக்கு ஒரு கையால திறக்குற மாத்திரைப் பெட்டி செஞ்சு பாத்தேன். மூடி கட்டைவிரல் பக்கம் வரணுமா, மத்த விரல் பக்கம் வரணுமா, சொல்லுங்க.” கீழே ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் “தங்கச்சி பிஸி போல” என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேயும் ஒன்றும் இல்லை. நானே பதில் சொல்லலாம் என்று விரல் வரை வந்தது, கேட்டது உன்னை, நான் யார் நடுவில்.

குழுவை நடத்தும் ரொட்டிக் கடைக்காரம்மாவுக்கு இன்று காலை உண்மையை எழுதிவிட்டேன். பிறகு, “ஐயோ மேடம், ஏழு மாசமா சாருன்னு கூப்பிட்டிருக்கோமே. பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா நல்லா இருக்காது” என்று வந்தது. கூட்டாளியாக இருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டேன். உன் வாராந்திர வேலையை அம்மாவிடம் ஒப்பிப்பதற்கா அவ்வளவு தூரம் போனாய். வரும் திங்கட்கிழமை என் சொந்தப் பெயரில் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நான் அங்கே இருக்க வேண்டாம் என்று நீ நினைத்தால் ஒரு வரி அனுப்பு, அன்றைக்கே வெளியே வந்துவிடுகிறேன், அதற்காக உன்மேல் வருத்தம் வராது. எனக்கு வேறு வழியில் ஸ்லைடு விற்கும்.

நீ இருப்பதும் வெளியேறுவதும் உன் இஷ்டம். சட்டையை விட்டுவிடாதே என்று மட்டும் சொல்வேன், அதுவும் அம்மாவாகச் சொல்லவில்லை, ஆய்வகத்தில் மாதிரிகளைப் பார்த்துப் பழகியவளாகச் சொல்கிறேன், அந்தக் கீழ்ப்பிடிப்பு நன்றாக வந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு வேலைக்கு மேல் எழுதாதே, போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று எழுதி மூன்றும் நிற்கின்றன. தைக்கும்போது போனை வேறு அறையில் வை. இரவுச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துவிடாதே. இன்று எந்தக் கோபத்தில் இருந்தாலும், குழுவை விட்டு வெளியேறும் பொத்தானை அழுத்தும் முன் பெட்டிக்காரருக்கு மூடி எந்தப் பக்கம் என்று எழுதிவிடு. அவருடைய அப்பா இன்னும் பல்லால் கடித்துத்தான் மாத்திரை அட்டையைப் பிரிக்கிறாராம், போன வெள்ளிக்கிழமை எழுதியிருந்தார்.

எடுத்த வேலை உன் கைக்கு அடங்கி வரட்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். அப்பாவின் ஆசியும் இதிலேயே. என்னைத் திட்டுவதானாலும் சாப்பிட்ட பிறகு கூப்பிடு.

அன்புடன்,
அம்மா