செவ்வாய்க்கிழமை வரும் குரல்

புனே, ஞாயிறு

அன்பு ஜாய்லினுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதனால் சங்கரன்கோவிலுக்கு வரும் ஜோன்ஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கர்ப்பத்தைப் பதிந்தபோது நர்ஸம்மாவிடம் நீ என் நம்பரைக் கொடுத்துவிட்டாய். கர்ப்பிணிகளுக்கு அனுப்பும் குரல் பதிவு செவ்வாய்தோறும் எனக்குத்தான் வருகிறது. கையில் கரண்டி இருப்பதால் ஸ்பீக்கரில் போடுவேன். ஹோட்டல் அடுப்படியே சேர்ந்து கேட்கும். "ஏலே சாம்ராஜ், ஒம் பிள்ளைக்கு இந்த வாரம் காது கேக்குமாம்லா!" என்று மாஸ்டர் சொல்லிச் சிரித்ததில் ஒரு தோசை கருகியது.

போன வாரம் அந்தக் குரல், வீக்கமும் தலைவலியும் இருந்தால் உடனே பிரஷர் பார்க்க வேண்டும் என்று சொன்னபோதுதான், "மோதிரம் கழல மாட்டேங்கு, தலையும் வலிக்கு, எல்லாம் வெயிலுதான்" என்று நீ சொன்னது நினைவு வந்தது. அதனால்தான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் போனில் அப்படிக் கத்தினேன். கோபித்துக்கொள்ளாதே. பிரஷர் கூடியிருந்ததைப் பார்த்து அன்றே மாத்திரை கொடுத்தார்களே, அது போதும். இப்போது குறைந்துவிட்டது என்று நீ சொன்ன பிறகு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

நர்ஸம்மாவிடம் உன் நம்பரையும் கொடு, நீயும் கேட்க வேண்டும். ஜோன்ஸ் திரும்பும்போது புளியங்குடி எலுமிச்சையில் நீ போட்ட ஊறுகாய் கொஞ்சம் கொடுத்துவிடு.

கூட்டம் வந்துவிட்டது, மாஸ்டர் கூப்பிடுகிறார். என் நம்பரை மட்டும் எடுத்துவிட வேண்டாம். "அம்மா, நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா?" என்றுதான் அந்தக் குரல் ஆரம்பிக்கும். இங்கே என்னை அப்படிக் கேட்பது அது ஒன்றுதான்.

சாம்ராஜ்