பெரட்டுக்கு வராத பாடம்

புதன், இரவு.

எனக்குப் பிடித்த யூடியூப் அக்காவைப் போலவே கலர் கலராகப் படிப்பு அட்டவணை போட்டேன். அதிலேயே பொழுது போய்விட்டது. நாளைக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பரீட்சை. இந்தத் தடவையும் ஃபெயிலானால் செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும்.

மம்பா டவுனிலிருந்து காலேஜ் தோழி ஷாலினி கூப்பிட்டாள். அட்டவணையின் படத்தை அனுப்பினேன். சிரித்தாள். என் அப்பா எஸ்டேட் தோட்டத்தில் மண்டோர். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வந்த ஆளுக்கு வேலை பிரிப்பவர்.

"உங்கப்பா மாதிரி நான் பெரட்டு எடுக்கறேன் லா. எகனாமிக்ஸ்?"

"வந்தாச்சு, மண்டோரே."

"அக்கவுண்ட்ஸ்?"

"இருக்கு."

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்?"

"அது இன்னும் வரல, மண்டோரே."

"அப்ப அத மட்டும் போய் இழுத்துட்டு வாடி."

அட்டவணையை மடித்து வைத்தேன். முதல் கணக்கு தப்பு. மறுபடி போட்டேன், விடை வந்தது. ஷாலினிக்கு அனுப்பினேன்: "ஒரு ஆள் லேட்டா வந்திருக்கு, மண்டோரே. பேர் போட்டுக்க."