நாலாவது மருந்துக்கடை

அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா?

சலவைக்கூடத்து ஆவியில் எனக்குக் கொஞ்சம் இருமல். பயப்படாதே, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். இன்ஷூரன்ஸ் இல்லை என்றதும் முதல் கடைக்காரர் சொன்ன விலையில் இருமலே நின்றுவிட்டது! நாலு கடை ஏறி இறங்காமல் கத்தரிக்காய்கூட வாங்காத உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன்? நானும் ஏறி இறங்கினேன். அடுத்த தெருவில் அதே மாத்திரை பாதி விலை. மூன்றாவது கடையில் கால்வாசிதான்; அங்கேயே வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகும் நாலாவது கடைக்குப் போனேன். சிரிக்காதே. விலை சொல்வதற்கு முன்னால் எல்லாக் கடையிலும், "எத்தனை நாளா இருமறீங்க? தூக்கம் வருதா? வீட்டுல யாராவது பாத்துக்கறாங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஊருக்கு வந்திருக்கும் என் அறைத்தோழரிடம் உன் பழைய சால்வையைக் கொடுத்துவிடு. துவைக்காதே, துவைத்த துணியைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேனே.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. பதில் எழுதும்போது இருமல் எப்படி இருக்கிறது என்று கேள். அதற்குள் நின்றிருக்கும், இருந்தாலும் கேள்.

உன் கணவன்