ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மேற்கே மலையைக் காணோம். சாரல் மலையடியில் இருக்கிற கோம்பை வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. பத்து மணிக்குக் கூரியர். ராம் வந்தாச்சு, பதினாலு நாள் வனவாசம் முடித்து.

இதுவரை கையில்:

மதர்போர்டு. பழசு, ஒரு மூலையில் கீறல்.
ப்ராசசர். புதுசு. ஆனால் தானாகப் படம் காட்டத் தெரியாத ரகம், அதனால்தான் மலிவு. கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரை இருட்டு.
ராம், ஒரே ஒரு குச்சி.
பவர் சப்ளை. புதுசு. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று என் கூட்டாளி ரியாஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். (எங்கள் வீட்டு பவர் சப்ளை அம்மா. அவளிடமும் கஞ்சத்தனம் செல்லாது.)
மானிட்டர். எதிர் ஜெராக்ஸ் கடைக்காரர் கடையைக் காலி செய்தபோது தள்ளிவிட்டது.
கேபினெட் இல்லை. இருக்கிற காசுக்குக் கேபினெட் வாங்கினால் அதற்குள் வைக்க நான்தான் உட்கார வேண்டும்.

காசு எல்லாம் செம்புக் காசு. அப்பாவுடையது மோட்டார் வைண்டிங் கடை. தோட்டத்து மோட்டார் எரிந்தால் இங்கே வரும். எரிந்த கம்பியைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்து, காயவைத்து அனுப்புவார். பிளஸ் டூ முடிந்த லீவு முழுக்கப் பிரிக்கிற வேலை எனக்கு, பிரித்த செம்பை விற்ற காசும் எனக்கு. ஆக, இந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போன பல மோட்டார்களின் மறுபிறவி.

சாயங்காலம் அப்பா கடையின் பின்பக்கத்திலிருந்து பழைய மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியை இழுத்து வந்து போட்டார்.

"ஏலே, இத வச்சுக்க. யான மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

யானை கேம் ஆடாதுப்பா என்றேன். கண்டுகொள்ளவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு காற்றோட்டத்துக்கு ஓட்டை போட ஆரம்பித்துவிட்டார். பச்சைப் பட்டன் ஆன் செய்ய. சிவப்புப் பட்டனுக்கு இணைப்பே கிடையாது. யாராவது அழுத்தி ஏமாறட்டும்.

ஜூன் 5, வியாழன்

உத்தமபாளையம். ரியாஸ் வீடு. கிராபிக்ஸ் கார்டு அவனுடையது. இருபதாம் தேதி கோயம்புத்தூர் காலேஜுக்குப் போகிறான், ஹாஸ்டலுக்கு லேப்டாப். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து விற்கிறான். வெளியில் கேட்ட விலையில் பாதிக்கு எனக்கு. காரணம் அவன் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நான் இங்கன, அவன் அங்கன, ராத்திரி ரெண்டு பேரும் ஒரே டீம். அதுதான் திட்டம். ரெண்டு வருஷம் ஒரே பெஞ்ச். திடீரென்று பெஞ்சில் பாதி காலி என்றால் எப்படி?

அவன் மெஷினில் ஓட்டிக் காட்டினான். அருமை. தூசி தட்டி நாளைக்குத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். அவன் அம்மா கொடுத்த சமோசா, மூன்று. நாலாவதைக் கண்ணால் மட்டும்.

கிளம்பும்போது பழைய வழக்கை எடுத்தான். போன வருஷம் அவன் மவுஸுக்கு அடியில் கறுப்பு டேப் ஒட்டிவைத்தேன். மவுஸ் ஒரு நாள் முழுக்க நகரவில்லை. அவன் அத்தாவிடம் (அவன் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) திட்டு வாங்கி, காசு வாங்கி, புது மவுஸும் வாங்கிய பிறகுதான் டேப் விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு ஒருநா இருக்குடா மாப்ள" என்று அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொன்னான். தவணை ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 7, சனி

நேற்று நான் சர்டிபிகேட் வேலையாகத் தேனி போயிருந்தபோது ரியாஸ் வந்து கார்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இன்று எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்டும் நாள். ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம், அம்மா பெட்டியின் பக்கமே விடவில்லை. பத்தரை தாண்டியதும் பெட்டி நெற்றியில் சந்தனம், குங்குமம். உள்ளேயும் ஒரு பொட்டு வைக்க வந்தவளை மதர்போர்டுக்கும் மதருக்கும் நடுவில் கை நீட்டி மறித்தேன்.

பச்சைப் பட்டன். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. அப்பா கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

திரை இருட்டு.

கழற்றி மாட்டினேன். மூன்று தடவை. ஊதி மாட்டினேன். சாமி கும்பிட்டு மாட்டினேன். எல்லா விசிறியும் சுற்றுகிறது, கார்டின் விசிறி மட்டும் அசையவில்லை. பிறகுதான் புரிந்தது. தவணை முடிந்துவிட்டது, பழிவாங்கிவிட்டான். சிரிப்புக்கூட வந்தது. போன் போட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது, நல்ல கார்டைத்தான் கொடுத்ததாகச் சொன்னான். என்ன நடிப்பு.

ஜூன் 8, ஞாயிறு

உத்தமபாளையம் கிரவுண்டு. வாலிபால். எல்லாப் பயல்களும் இருந்தார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், நல்ல கார்டை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று. அவன் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பத் தெரியாது என்றான். எனக்கு ஏறிவிட்டது. ஊரைவிட்டுப் போகிறவன் குப்பையைக் கூட்டி என் வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போகிறான் என்றேன். பயல்கள் ஓ போட்டார்கள்.

"செத்த பொருள உனக்கு விப்பேனாடா?"

"வித்துட்டியே."

பந்தைக் கீழே வைத்தான். எறியவில்லை, வைத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பஸ் ஏறும் வரைக்கும் ஜெயித்த மாதிரி இருந்தது.

ஜூன் 9, திங்கள்

நான் குளித்துக்கொண்டிருந்தபோது ரியாஸ் வந்து கார்டுக்கு நான் கொடுத்த காசு முழுவதையும் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கார்டு திரும்ப வேண்டாமாம். டீ குடிக்கவில்லையாம். எங்கள் வீட்டில் அவன் டீ குடிக்காமல் போனது இதுதான் முதல் தடவை.

என்ன செய்தாய் என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

"நீ ஒண்ணுமில்லைன்னு சொன்னா பெருசா ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

விளையாட்டுக்குச் செய்கிறவன் காசைத் திருப்பித் தருவானா? இதை யோசித்த பிறகு சோறு இறங்கவில்லை. மத்தியானம் மட்டும். ராத்திரி இறங்கியது.

ஜூன் 11, புதன்

பழனிசெட்டிபட்டியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கார்டை நீட்டினேன். அந்த அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பார்ப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தார்.

"தம்பி, என்ன இது, வார்னிஷ் வாடை?"

எனக்கு வாடை அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் காற்றுக்கே அந்த வாசனைதான்.

கார்டை விளக்கில் சாய்த்துக் காட்டினார். ஸ்லாட்டில் செருகுகிற ஓரத்தில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் கோடுகள். அவை மதர்போர்டைத் தொட்டால்தான் கரன்ட் பாயும். அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல்.

"யாரோ வார்னிஷ் அடிச்சிருக்காக. ஒரே கோட்டு, ஒரு சொட்டு வழியல. நல்லாக் கை பழகின ஆளு."

ஸ்பிரிட் தொட்டு, அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும், இப்போதே செய்து தரட்டுமா என்றார். வேண்டாம்ண்ணே என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம். வீரபாண்டி, சின்னமனூர், எதுவும் கண்ணில் படவில்லை. அப்பா மட்டும். வெள்ளிக்கிழமை, மேஜைமேல் கார்டு, எதிரில் அவர். செம்பு நிறத்தில் ஏதாவது அம்மணமாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. வார்னிஷ் படாத கம்பிச் சுற்றில் ஈரம் இறங்கும், எரியும். முப்பது வருஷமாக அவர் கைக்குத் தெரிந்தது அதுதான். மெல்லிய பிரஷை எடுத்திருப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்திருப்பார். பையன் சாமான் எரிந்துவிடக் கூடாது.

யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் அவர் வழக்கம்தான். செய்ததைச் சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். சின்னக் கோளாறு, சரியாகிவிடும் என்றேன். கருவாட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

ஜூன் 12, வியாழன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரெண்டே வழி.

ஒன்று: உள்ளதைச் சொல்வது. ரியாஸ் பெயர் சுத்தமாகும். ஆனால் கிரவுண்டில் சொன்ன பழி, கிரவுண்டில்தான் துடைக்க வேண்டும். நாளைக்கே கிராபிக்ஸ் கார்டுக்கு வார்னிஷ் அடித்தவர் என்று அப்பாவுக்குப் பட்டப்பெயர் விழும். இந்தப் பக்கம் பெயர் விழுந்தால் விழுந்ததுதான். எனக்குத் தெரியும், பாதிப் பெயர்களை வைத்தவனே நான்.

ரெண்டு: நான்தான் செய்தேன் என்பது.

சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனேன். ரியாஸ் வலைக்கு அந்தப் பக்கம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கார்டு நல்ல கார்டுதான், நான்தான் அதன்மேல் ஒன்றைப் பூசிவிட்டு இவன்மேல் பழி போட்டேன், விளையாட்டுக்கு, என்றேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் ஒரே தடவையில் எல்லாரும் நம்பியது இது ஒன்றுதான். இதை நினைத்துச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

ரியாஸ் கிட்டே வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"வெளாட்டுன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும்ல."

அவ்வளவுதான். போய்விட்டான்.

பெயரைத் துடைத்தாச்சு. ஆளைக் காணோம்.

ஜூன் 14, சனி

ஸ்பிரிட். அழிரப்பர். ஒவ்வொரு கோடாக. அரை மணி நேரம். அப்பா அடித்ததை அப்பாவுக்குத் தெரியாமல் அழிக்கிறேன். திருடின மாதிரி இருந்தது.

பச்சைப் பட்டன். கார்டின் விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம்.

அப்பா வந்து என் தலைக்குப் பின்னால் நின்றார். ஓடுகிறதா என்றார். ஓடுகிறது என்றேன். தனக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று இருக்கிற மாதிரி மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டு போனார்.

கேம் ஏற்றினேன். டீமில் இன்னொரு ஆள் வேண்டும் என்றது. மூடிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

ரியாஸ் அத்தாவின் தென்னந்தோப்பு மோட்டார் எரிந்துபோச்சு. மினி ஆட்டோவில் ஏற்றி, கூடவே ரியாஸையும் அனுப்பியிருக்கிறார். சுற்று வட்டாரத்தில் வேறு வைண்டிங் கடையே இல்லையா? இருக்கிறது. அவன் அத்தா மாற்றமாட்டார்.

என்னைப் பார்க்காமல் மோட்டாரை இறக்கினான். நான் செம்பு பிரிக்கிற வேலையில் ரொம்ப மும்முரம். பிரிக்கச் செம்பு ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு அவனைக் கண்டதும் உற்சாகம். கையைப் பிடித்துப் பெட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"உங் கார்டு நல்லா ஓடுதப்பா. குடுத்தப்ப அடி ஓரம் பூராம் அம்மணமாக் கெடந்துச்சு. பயலுக்குத் தெரியாம நாந்தேன் ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சுவிட்டேன். இனி காலத்துக்கும் எரியாது."

பிரித்துக்கொண்டிருந்த இல்லாத செம்பு என் கையிலிருந்து விழுந்தது.

ரியாஸ் பெட்டியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், ரொம்ப நேரம். கிரவுண்டில் நான் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிப் படிக்கிற மாதிரி. நான் தலையை லேசாக ஆட்டினேன். வேண்டாம் என்று.

"அதேன பாத்தேன் மாமா" என்றான். "எங்கிட்ட இருந்தப்பகூட இம்புட்டு நல்லா ஓடல."

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். டீ வாங்கிவரச் சொல்லி என்னை விரட்டினார். மூன்று டீ. திரும்பி வரும்போது ரியாஸ் என் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தான். டீயைக் குடித்தான். கடைசிச் சொட்டு வரைக்கும். அவன் கிளம்பும்போது கார்டுக் காசை அவன் சட்டைப் பையில் செருகினேன். எடுத்துப் போடவில்லை. சாரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

சாயங்காலம் வோல்டேஜ் இல்லை. எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடுகிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்யவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். மலை பளிச்சென்று தெரிகிறது.

பச்சைப் பட்டன். திரை வந்தது. மவுஸ் அசையவில்லை. கழற்றிச் செருகினேன். ஒயரை முகர்ந்துகூடப் பார்த்தேன், இந்த வீட்டில் எதை நம்புவது. பழைய செம்பு இன்னும் எத்தனை கிலோ விற்றால் புது மவுஸ் வரும் என்று யோசித்துக்கொண்டே திருப்பிப் பார்த்தேன்.

அடியில் டேப். வெள்ளை டேப், கடை டேப், அப்பா மோட்டார்க் கம்பிக்குச் சுற்றுவது. அதில் பால்பாயிண்ட் பேனாவால் ரெண்டே வார்த்தை.

"இப்பச் சிரி."

தனியாக உட்கார்ந்து என்னடா சிரிப்பு என்று அம்மா உள்ளேயிருந்து கேட்கிறாள்.