பக்கத்து நாற்காலி

ஹுவான் தோலியோ கடற்கரை

என் செல்ல மகளுக்கு,

நீ ஏற்பாடு செய்த விடுமுறை நன்றாகவே போகிறது. சாப்பாடு, குடி எல்லாம் அறை வாடகையிலேயே அடக்கம். நாங்கள் சேர்ந்து நிற்கிற படம் கேட்டாயே, இன்னும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு ஓய்வே இல்லை.

அவர் முன்பு வேலை பார்த்த ஓட்டல், பழசாவது ஞாபகம் வரும் என்றுதானே இதைத் தேர்ந்தெடுத்தாய்? வந்த அன்றே, விருந்தாளிகளுக்குக் கையில் மாட்டிவிடும் பட்டையை அறுத்துப் போட்டுவிட்டார். "வேலை செய்றவனுக்கு இது எதுக்குடி?" என்றார். பிறகு மேசை மேசையாகக் காலி கிளாஸ்களை எடுக்கத் தொடங்கினார். அவரோடு வேலை பார்த்த யுதெல்கா இன்னும் பாரில்தான் இருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என்ன எலீகியோ அண்ணே, இன்னைக்கும் லேட்டா?" என்று டிரேயை நீட்டினாள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இன்று மத்தியானம் எனக்கும் ஒரு ரம் கொண்டுவந்தார்.

"தனியாவா வந்திருக்கீங்க, மேடம்?"

"இல்லைங்க. வீட்டுக்காரர் இப்ப வந்துருவார்."

பக்கத்து நாற்காலியில் துண்டை விரித்தார். "கவலைப்படாதீங்க, யாரும் உக்காராம நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம்வரை யாரையும் உட்காரவிடவில்லை. தானும் உட்காரவில்லை.

உன் அம்மா