மூக்கை இறுக்காத முடிச்சு

உன் முடிச்சை இன்று காலை அறுத்துவிட்டேன். நீ போன நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் உன் மருமகள் தந்த டப்பாவில், இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் மாட்டும் அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் மீன் நீ கட்டிய தூண்டில் நரம்போடு அப்படியே கிடந்தது. பழைய நரம்பு கொடுவா மீனின் ஓர் இழுப்புக்குத் தாங்காது. அதனால்தான் அறுத்தேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

இங்கே மும்பையில், டிராம்பே ஜெட்டிக்கு நாம் முதலில் மீன் பிடிக்கப் போன அன்று நான் கட்டியது நினைவிருக்கிறதா? தூத்துக்குடியில் அப்பா தூண்டில் முள்ளில் கட்டுவாரே, அதுபோல பிளாஸ்டிக் மீனின் மூக்கோடு இறுக்கிக் கட்டினேன். இரை கோத்த முள்ளுக்கு அது சரி. இந்த மீனோ தண்ணீரில் விறைத்த குச்சியாக வந்தது. தையல்காரியான உனக்குத்தான் விஷயம் பிடிபட்டது. கோட்டுப் பொத்தானைத் துணியோடு ஒட்டாமல் கொஞ்சம் நூல் விட்டுத் தைக்கிற கை அல்லவா. "கழுத்த நெரிச்சா எப்படிட்டி ஆடும்? மூச்சு விட எடம் குடு" என்று சொல்லி, இழுத்தாலும் சுருங்காத சின்னக் கண்ணி ஒன்று விட்டுக் கட்டினாய். அடுத்த வீச்சில் மீன் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தது. நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற ஆண்கள் முறைத்தார்கள். நாம் இன்னும் சத்தமாகச் சிரித்தோம்.

அதற்காக நீ சொன்னதெல்லாம் சரி என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூக்கில் எஃகு வளையத்தோடு வரும் பிளாஸ்டிக் மீனுக்கும் கண்ணிதான் வேண்டும் என்று அடம்பிடித்தாய். வளையமே ஆடும்போது கண்ணி எதற்கு? அதில் நான் இறுக்கித்தான் கட்டுகிறேன். நன்றாகவே ஆடுகிறது. வந்து சண்டை போட நீ இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

"அவங்க இருந்தாங்க, சரி. இனிமே தனியா எதுக்கும்மா? லோக் க்யா போலேங்கே?" என்கிறான் என் மகன், ஊர் என்ன பேசும் என்று.

"அவ செத்ததுக்கு நான் ஏம்ல தூண்டில கீழ வைக்கணும்?" என்று கேட்டேன். அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

இன்று கடலில் ஓதம் ஏறும் நேரத்தில் போனேன். பச்சை மீனுக்குப் புது நரம்பில் கண்ணி விட்டுக் கட்டினேன். உன்னை நினைத்து அழுதேன். அதை யாரிடமும் மறைக்கவில்லை. அழுவதற்காக வீட்டில் உட்காரச் சொன்னால் மட்டும் உட்கார மாட்டேன்.

ஜெட்டியில் கூட்டம். என் இடப்பக்கம், நீ எப்போதும் நிற்கும் இடம், வெறுமையாக இருப்பதைப் பார்த்து ஒருவன் பையோடு வந்தான். "இதர் கோயி ஹை க்யா?" என்று கேட்டான், இங்கே யாராவது நிற்கிறார்களா என்று.

"ஹை" என்றேன், நிற்கிறாள் என்று. அவன் தள்ளிப் போனான். நான் வீசினேன்.